பட்டோலை கொள்ளுதலும் ஆய்விதழ் நடத்துதலும்

சென்ற ஆண்டு ஸ்ரீராமநவமி உத்ஸவ ஸமயம். அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் கலியுக வரதனை ஸேவித்துவிட்டு அடியேன் குடிசைக்குத் திரும்பியபோது, பெரம்பலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் பயிற்றும் இளம் ஆசிரியை ஒருத்தி திண்ணையில் காத்திருந்தாள். கையில் ஓர் ஆய்விதழ். அதில் அவளுடைய கட்டுரை வெளிவந்திருந்தது. திருவாய்மொழி வ்யாக்யானங்களைப் பற்றிய கட்டுரை. அடியேனிடம் ஆசி பெற வந்ததாகச் சொன்னாள். மேலட்டையின் உட்புறத்தைத் திருப்பி, ஆலோசனைக் குழுவினர் பெயர்களுக்கிடையே அடியேன் பெயரையும் காட்டி, "ஐயா படித்துப் பார்த்துத்தானே இதை ஏற்றுக்கொண்டார்கள்? தங்கள் பெயரைக் கண்டுதான் இந்த இதழுக்கே அனுப்பினேன்" என்றாள்.

அக்கட்டுரையை அடியேன் அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "ஸ்வாமியின் திருநாமம் எங்கள் இதழில் இருந்தால் போதும், வேறு ஒரு ச்ரமமும் இராது" என்றார். ஆகட்டும் என்றேன். அவர் சொன்னது ஸத்யமாயிற்று. ஒரு ச்ரமமும் இருக்கவில்லை. ஒரு கட்டுரையேனும் பார்வைக்கு வந்ததில்லை. வரவில்லையே என்று அடியேனும் கேட்டதில்லை.

கட்டுரையை அவள் எதிரிலேயே வாசித்தேன். உழைப்பு தெரிந்தது. பாசுரந்தோறும் அவதாரிகைகளை ஒப்பிட்டிருந்தாள். ஆனால் அடிப்படையில் ஒரு பிழை. ஈடு முப்பத்தாறாயிரப்படியைப் பெரியவாச்சான்பிள்ளையின் க்ரந்தமாகக் கொண்டுவிட்டாள். நாலாயிரம் முழுமைக்கும் வ்யாக்யானம் அருளியவர் அவரே என்று படித்ததனால், திருவாய்மொழிக்குப் பெரிதாகக் கிடைக்கும் வ்யாக்யானமும் அவருடையதாகவே இருக்கவேண்டும் என்று எண்ணியிருக்கிறாள். அவர் அருளியது இருபத்துநாலாயிரப்படி. ஈடோ, நம்பிள்ளை ஸாதித்த அர்த்தங்களை வடக்குத் திருவீதிப்பிள்ளை பட்டோலை கொண்டது. இருவரும் நம்பிள்ளை திருவடிகளில் ஆச்ரயித்தவர்களே ஆயினும் க்ரந்தங்கள் வேறு. இந்தப் பிழையின் மேல்தான் கட்டுரையின் முடிவு நிற்கிறது. ஒரே பாசுரத்துக்கு இரண்டு நூல்களிலும் இருவேறு அவதாரிகைகள் இருப்பதைக் காட்டி, உரையாசிரியர் ஒருவரே காலப்போக்கில் கருத்து மாறினார் என்று ஸ்தாபித்திருந்தாள். மாறியவர் ஒருவர் அல்லர், எழுதியவர் இருவர் என்று தெரிந்தவுடன் முடிவு முழுவதும் சரிந்துபோகிறது.

மெதுவாகச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தாள். பிறகு, "அச்சாவதற்கு முன் யாராவது ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் திருத்தியிருப்பேனே, ஐயா" என்றாள். அந்த யாராவது ஒருவராக இருக்கவேண்டியவன் அடியேன். வெளியிடுவதற்கென்று சில ஆயிரம் ரூபாய் செலுத்தியதாகவும், அனுப்பிய ஐந்தாம் நாளே ஏற்புக் கடிதம் வந்ததாகவும் பின்னர்த் தெரிந்தது.

கல்லூரி வாசலை மிதியாமல் தகப்பனாரிடமே வாசித்த அடியேன், ஆய்விதழ்களின் நெறிமுறை என்பது பல்கலைக்கழகத்தார் தமக்குள் பேசிக்கொள்ளும் விஷயம் என்று இதுகாறும் ஒதுங்கியிருந்தேன். அந்த ஒதுக்கம் தவறு. நம் ஸ்ரீஸூக்திகளின் பெயரால் ஆண்டுதோறும் எத்தனையோ கட்டுரைகள் இப்படி அச்சாகின்றன. ஆகவே, இந்நாளைய வழக்கம் என்ன, அதை அளப்பதற்கு நம்மிடம் உள்ள கோல் என்ன என்பதை இங்கே விசாரிக்கிறேன்.

முதலில் நம் பெரியோர் நடந்த வகை. அநேகருக்குத் தெரிந்த ஐதிஹ்யங்களே. ஆனால் பதிப்பு நெறி என்ற கண்ணோடு அவற்றைத் திரும்பப் பார்ப்பது அவச்யமாகிறது.

நஞ்சீயர் தாம் அருளிய ஒன்பதினாயிரப்படியை நன்றாக எழுதித் தருமாறு வரதராஜர் என்பவரிடம் கொடுத்தார். அவர் காவிரியைக் கடக்கும்போது வெள்ளத்தில் சுவடி போயிற்று. கேட்டதை நினைவில் கொண்டு அவர் மறுபடி எழுதினார். சில இடங்களில் தமக்குத் தோன்றிய அர்த்தவிசேஷங்களும் அதில் கலந்தன. நஞ்சீயர் வாசித்துப் பார்த்து, இவை நாம் எழுதாதவையாயிற்றே என்று கேட்டபோது, அவர் நடந்ததை மறையாமல் விண்ணப்பித்தார். நஞ்சீயர் உகந்து அவரை நம்பிள்ளை என்று அழைத்தார் என்பது குருபரம்பரை. இக்கதையை நம்பிள்ளையின் மேதைக்கு உதாஹரணமாகவே உபந்யாஸங்களில் சொல்லிவருகிறோம். அதில் வேறிரண்டு காரியங்களும் உண்டு. கொடுத்தவர் திரும்பி வந்த பிரதியை வரிவரியாக வாசித்தார். வாசித்தபடியால்தான் வேறுபாடு அகப்பட்டது. எழுதியவர் எது தம் சேர்க்கை என்று ஒப்புக்கொண்டார். இவ்விரண்டில் ஒன்று இல்லாவிடினும், ஒருவர் வாக்கு மற்றொருவர் பெயரில் என்றென்றைக்குமாக நின்றுபோயிருக்கும்.

ஈட்டின் சரித்ரம் இன்னும் கடினமானது. பகலில் கேட்டதை வடக்குத் திருவீதிப்பிள்ளை இரவில் எழுதிவைத்தார். நம்பிள்ளை அதைக் கண்டு உள்ளடக்கத்தில் குறை காணவில்லை. நம் அனுமதியின்றி எழுதினீரே என்றுதான் கேட்டு ஏடுகளை வாங்கி வைத்துக்கொண்டார். பின்னர் ஈயுண்ணி மாதவப்பெருமாளிடம் அது சேர்ந்தது. அங்கிருந்து அவர் குமாரர் பத்மநாபப்பெருமாள், நாலூர்ப்பிள்ளை, நாலூராச்சான்பிள்ளை, திருவாய்மொழிப்பிள்ளை என்று கைமாறி மணவாளமாமுனிகளை அடைந்தது. இந்த வரிசையை மாமுனிகளே உபதேசரத்தினமாலையில் பதிவு செய்திருக்கிறார். ஒரு நூல் யாரிடமிருந்து யாரிடம் வந்தது என்பதை நூலின் பெருமையோடு சேர்த்தே சொல்லவேண்டும் என்று அவர் திருவுள்ளம் பற்றியமை தெரிகிறது.

மாமுனிகள் செய்த மற்றிரண்டு கைங்கர்யங்களை இந்நாளைய பதிப்பாசிரியர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான்பிள்ளை அருளிய வ்யாக்யானத்தில் பெரும்பகுதி, ஏறத்தாழ 400 பாசுரங்களுக்குரியது, லுப்தமாயிற்று. மாமுனிகள் அக்குறையைப் பூர்த்தி செய்தார். எவ்விடத்தில் பிள்ளையின் ஸ்ரீஸூக்தி எஞ்சியிருந்ததோ அவ்விடத்தோடு தம் எழுத்தை நிறுத்திக்கொண்டார். முழுவதும் தாமே எழுதும் சக்தி அவருக்கு இல்லையா? இருந்தும் பூர்வர்களின் ஒரு பதத்தின் மேலும் தம் பதத்தை ஏற்றவில்லை. இன்று அச்சுப் புத்தகத்தில் எதுவரை மாமுனிகள், எதுமுதல் பிள்ளை என்று விரல் வைத்துக் காட்டமுடிகிறது. மற்றொன்று ஈட்டுப் ப்ரமாணத்திரட்டு. ஈட்டில் எடுத்தாளப்பெற்ற ப்ரமாண வாக்யங்கள் எந்தெந்த க்ரந்தத்தைச் சேர்ந்தவை என்று தேடித் தொகுத்தது. தாம் எழுதாத நூலுக்கு மேற்கோள் விளக்கம் தேடிக் கொடுத்த உழைப்பு அது. இன்று தாம் எழுதிய கட்டுரைக்கே மேற்கோள் இடம் தேட நேரமில்லை என்கிறார்கள்.

வடமொழிப் பக்கத்திலும் இதே மர்யாதை. நடாதூரம்மாள் ஸ்ரீபாஷ்யம் ஸாதிக்கக் கேட்டு ஸுதர்சனஸூரி எழுதியதற்குத் திருநாமம் ச்ருதப்ரகாசிகை. கேட்டதை விளங்கச் செய்வது என்று பொருள். இது நான் கேட்டது, நான் கண்டுபிடித்தது அன்று என்ற ஒப்புதல் நூலின் பெயரிலேயே இருக்கிறது.

மாற்றுக் கருத்தை நடத்தும் வகையிலும் ஈடு வழிகாட்டுகிறது. இரண்டாம் பத்து மூன்றாம் திருவாய்மொழியில் ஒரு பாசுரத்துக்குத் திருமலையாண்டான் ஆளவந்தாரிடம் கேட்டபடி வருத்தமாகப் பொருள் ஸாதித்தார். எம்பெருமானார் முன்பின் பாசுரங்களின் ஓட்டத்தை நோக்கி உபகார ஸ்ம்ருதியாகப் பொருள் கொண்டார். கேட்டறியாத புதுப்பொருள் என்று ஆண்டான் காலக்ஷேபத்தையே நிறுத்திவிட, திருக்கோட்டியூர்நம்பி வந்து ஸமாதானம் செய்யவேண்டியதாயிற்று. அதன் பிறகும் ஒன்றை அழித்து ஒன்றை வைக்கவில்லை. இது ஆண்டான் நிர்வாஹம், இது எம்பெருமானார் நிர்வாஹம் என்று இரண்டும் பெயரோடு நின்றன. தகப்பனார் அடியேனுக்கு வாசிப்பிக்கும்போது, பெயரை விட்டுப் பொருளை மட்டும் திருப்பிச் சொன்னால், "யார் நிர்வாஹம்?" என்று கேட்டு அந்த வாக்யத்தை மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் செய்வார். அன்று அது அடியேனுக்கு அலுப்பாக இருந்தது.

இனி, அச்சுக் காலத்துக்கு வருவோம். அதற்கு இந்த மண்ணிலிருந்தே ஒரு சாட்சி உண்டு. மஹாமஹோபாத்யாய உ. வே. சாமிநாதையர் பால்யத்தில் தமிழ் வாசித்தது இங்கேதான். அரியலூர்ச் சடகோபையங்கார் என்ற ஸ்ரீவைஷ்ணவரிடமே தமிழ்ச் சுவை கண்டதாக 'என் சரித்திரம்' நூலில் நன்றியோடு எழுதுகிறார். அப்புறம் குன்னத்து வாஸம், கார்குடி கஸ்தூரி ஐயங்காரிடம் பாடம், செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகை. குன்னமும் செங்கணமும் இன்று பெரம்பலூர் மாவட்டத்து ஊர்கள். பேருந்தில் போகிறவர்கள் பெயர்ப் பலகையைக் கண்டும் இதை நினைப்பதில்லை. இவர்களில் எவரும் பெரிய நூலாசிரியர் அல்லர். ஐயர் பெயர் சொல்லாதிருந்தால் உலகம் அவர்களை அறிந்திராது. 1887ல் சீவகசிந்தாமணி, 1889ல் பத்துப்பாட்டு, 1892ல் சிலப்பதிகாரம், 1894ல் புறநானூறு என்று பதிப்பித்தபோதும் ஏடு கொடுத்தவர் பெயரை முகவுரையில் எழுதிவைத்தார். 1898ல் மணிமேகலையைப் பதிப்பிக்கையில் பௌத்த விஷயங்களில் உதவியவர் கும்பகோணம் கல்லூரியிலிருந்த மளூர் ரங்காசாரியர். பின்பு ஸ்ரீபாஷ்யத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பதில் பங்கு கொண்டவரும் அவரே. அவ்வுதவியையும் ஐயர் மறைக்கவில்லை. சிந்தாமணிப் பதிப்பின்மேல் கண்டனங்கள் புறப்பட்டபோது, வசை எது, பிழைதிருத்தம் எது என்று பிரித்துப் பார்த்து, கொள்ளத்தக்கதை அடுத்த பதிப்பில் கொள்ளும் பொறுமை அவருக்கு இருந்தது. அச்சுக்கூடம் வந்ததனால் நெறி கெட்டது என்று சொல்லுவதற்கில்லை.

பின் எப்போது கெட்டது? பல்கலைக்கழக மானியக் குழு 2010ஆம் ஆண்டு விதிமுறைகளில் ஆசிரியர்களின் பதவி உயர்வுக்குப் புள்ளிக் கணக்கு வகுத்தது. கட்டுரைகளின் எண்ணிக்கை புள்ளியாயிற்று. முனைவர் பட்டத்துக்கும், ஆய்வேட்டை அளிக்குமுன் ஒரு கட்டுரையாவது வெளிவந்திருக்கவேண்டும் என்ற விதி இருந்தது. 2022ஆம் ஆண்டு நவம்பரில் வந்த விதிமுறைகளே அந்தக் கட்டாயத்தை நீக்கின. கட்டுரை வேண்டும், எப்படியாயினும் வேண்டும் என்ற நெருக்கடி பிறந்தவுடன் அதை நிறைவேற்றித் தரும் கடைகளும் பிறந்தன. ஐ.எஸ்.எஸ்.என். எண் இருக்கிறது என்று அட்டையில் பெரிதாக அச்சிடுகிறார்கள். அந்த எண் தொடர்வெளியீடு ஒன்றை அடையாளம் காட்டுவதற்கு மட்டுமே. தரத்துக்குச் சான்று அன்று. வீட்டு வாசலில் உள்ள கதவிலக்கத்தைக் கொண்டு உள்ளே இருப்பவர் ஸத்பாத்ரம் என்று நிர்ணயிப்பார் உண்டோ?

குழு 2017ல் அங்கீகரித்த இதழ்களின் பட்டியலை வெளியிட்டது. அதில், பல்கலைக்கழகங்களின் சிபாரிசால் சேர்க்கப்பட்டவற்றுள் 1,336 இதழ்களைப் பொறுக்கியெடுத்துப் பூஷண் பட்வர்த்தன் முதலானோர் ஆராய்ந்து 2018ல் கரண்ட் ஸயன்ஸ் இதழில் எழுதினர். வேறு தரவுத்தொகுதிகளில் இடம்பெறாமல் அச்சிபாரிசால் மட்டுமே நுழைந்தவற்றில் 88 விழுக்காட்டுக்கு மேல் தரங்குறைந்தவையாக இருக்கக்கூடும் என்பது அவர்கள் கண்டது. பலவற்றுக்கு முகவரியும் ஆசிரியர் விவரமுங்கூடச் சரியாக இல்லை. அவ்வாண்டு மே மாதம் 4,305 இதழ்கள் நீக்கப்பட்டன. அப்புறம் கேர் பட்டியல் என்று மற்றொன்று 2019ல் வந்தது. அதில் இடம்பெற்ற நல்ல இதழ்களின் பெயரையும் எண்ணையும் அப்படியே வைத்துக்கொண்டு போலி வலைத்தளம் திறந்து பணம் பறிக்கும் வித்தை அதன் பின் முளைத்தது. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் குழு அந்தப் பட்டியலையும் கைவிட்டு, அளவைகளை மட்டும் சொல்லி, தேர்வை அந்தந்தக் கல்வி நிறுவனத்தின் பொறுப்பில் விட்டுவிட்டது.

இது நம் தேசத்துக்கு மட்டும் வந்த வியாதி அன்று. 2013ல் ஜான் போஹானன் என்பவர், வேண்டுமென்றே பிழைகளை நிரப்பிய போலிக் கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பிப் பார்த்து ஸயன்ஸ் இதழில் எழுதினார். அதுவரை 157 இதழ்கள் அதை ஏற்றிருந்தன. 98 மட்டுமே மறுத்தன. அவர் அனுப்பியவற்றுள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு இந்தியாவைச் சார்ந்தவை. இங்கிலாந்தில் 1997 முதல் இயங்கிவரும் பதிப்பு நெறிக் குழு ஒன்று, பிழை தெரிந்தால் திருத்தம் வெளியிடுக, பெரும்பிழையாயின் கட்டுரையைத் திரும்பப்பெற்று அதற்குக் காரணத்தையும் அறிவிக்க என்றெல்லாம் வகுத்துவைத்திருக்கிறது. நல்ல விதிகளே. வாசிக்கிற ஆள் இருந்தாலல்லவா பிழை தெரியும்?

இங்கே நம்மவர் ஒரு ஆக்ஷேபம் சொல்லக்கூடும். பூர்வாசார்யர்கள் சொன்னதையே சொல்லவேண்டும், ஸ்வகபோல கல்பிதம் கூடாது என்பதன்றோ நம் ஸம்ப்ரதாயம்? வ்யாக்யாதாக்கள் முன்னோர் வாக்யங்களை அப்படியே எடுத்தாளுகிறார்களே, அதுவும் கருத்துத் திருட்டாகுமோ என்று. ஆகாது. முன்னோர் வாக்கைத் திருப்பிச் சொல்லுபவர் இது எனதன்று என்பதையே பெருமையாகக் கொள்ளுகிறார். கேட்கும் கோஷ்டிக்கும் அவ்வாக்கின் மூலம் தெரிந்திருக்கிறது. ஆய்விதழில் நடப்பது இதன் விபரீதம். அங்கே வாசிப்பவனுக்கு மூலம் தெரியாது என்ற நம்பிக்கையில் எடுக்கிறார்கள், எடுத்தது எனது என்று பெயரிடுகிறார்கள், அதற்குப் புள்ளி வாங்குகிறார்கள். அநுஸந்தானத்தையும் அபஹாரத்தையும் ஒரே தட்டில் வைக்கலாகாது.

கணிப்பொறியால் இவ்விரண்டையும் பிரிக்கமுடியாது. குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி, 10 விழுக்காடு வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. அதற்குமேல் 40, 60 என்று படிகள். மேற்கோளாகக் காட்டி எடுத்ததை இந்தக் கணக்கில் சேர்க்கலாகாது என்ற விலக்கும் உண்டு. ஆனால் மாணவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமோ? எண்ணிக்கை ஏறிவிடுமே என்று பயந்து ஈட்டின் வாக்யங்களைப் பதம் மாற்றி எழுதுகிறார்கள். 'பாரதந்த்ர்யம்' என்றிருப்பதை 'அடிமைத்தனம்' என்று மாற்றிய கட்டுரை ஒன்றை அடியேன் கண்டிருக்கிறேன். ஸ்ரீஸூக்தி சிதைந்தது, சதவிகிதம் குறைந்தது. அதே ஸமயத்தில், ஐம்பது வருஷத்துக்கு முன் அச்சாகி எந்தக் கணிப்பொறியிலும் ஏறாத ஒரு பெரியவரின் விளக்கவுரையை அடியோடு பெயர்த்தெழுதினால் அந்த யந்த்ரத்துக்கு ஒன்றும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க அப்புத்தகத்தை வாசித்த ஒரு கிழவன் வேண்டும். அந்தக் கிழவர்களோ பெயரைக் கொடுத்துவிட்டு அடியேனைப்போல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நம் இதழ்கள் பரிசுத்தமானவை என்று சொல்லிக்கொள்ளவும் வாய் வரவில்லை. காலக்ஷேபத்தில் ஒரு ஸ்வாமி ஸாதித்ததைக் குறித்துக்கொண்டு, அவர் பெயரையும் சொல்லாமல் அனுமதியும் பெறாமல் தம் கட்டுரையாக வெளியிடுபவர்கள் நம் கோஷ்டியிலும் உண்டு. கேட்டால் எல்லாம் எம்பெருமானுடைய சொத்து என்பார்கள். அப்படியானால் கட்டுரையின் கீழே தம் பெயர் எதற்கு? நன்கொடை அளிப்பவரின் கட்டுரைக்கு முன்வரிசை கிடைப்பதும், மடத்து மர்யாதை கருதிப் பிழையைச் சுட்டாமல் விடுவதும், ஒரு கலையாரின் நூலை மற்றக் கலையார் வாசிக்காமலே கண்டிப்பதும் நமக்குப் புதியவை அல்ல. பிழைதிருத்தம் என்ற ஒரு பகுதி நம் பத்திரிகைகள் எத்தனையில் இருக்கிறது என்று வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

அந்த இதழுக்குக் கடிதம் எழுதி, ஆலோசனைக் குழுவிலிருந்து அடியேன் பெயரை நீக்கும்படி கேட்டேன். அவளும் தன் கட்டுரைக்கு ஒரு திருத்தம் அனுப்பினாள். கடிதத்துக்குப் பதில் இல்லை. திருத்தம் வெளியிடுவதற்குத் தனிக் கட்டணம் உண்டென்று அவளுக்கு மட்டும் பதில் வந்தது. அடுத்த இதழிலும் அடியேன் பெயர் இருந்தது. அதைவிட வேதனை, அவள் கட்டுரையை மேற்கோளாகக் காட்டி, பெரியவாச்சான்பிள்ளை கருத்து மாறினார் என்று வேறொருவர் எழுதிய கட்டுரை இதற்குள் வந்துவிட்டது. பிழை ஒருமுறை அச்சேறினால் அதற்கும் ஒரு பரம்பரை உண்டாகிவிடுகிறது.

ஆதலின் இந்தக் காலாண்டிதழின் நிர்வாஹிகளுக்கு ஒரு விண்ணப்பம். குழுவில் பெயர் போட்டிருக்கும் ஒவ்வொருவருக்கும் ஆண்டில் ஒரு கட்டுரையாவது அனுப்பி, வாசித்து எழுத்தில் அபிப்ராயம் தரச் செய்யவேண்டும். தராதவர் பெயரை, அவர் எத்தனை பெரியவராயினும், எடுத்துவிடவேண்டும். அடியேன் பெயரிலிருந்தே தொடங்கலாம். கட்டுரையாளருக்கு அந்த அபிப்ராயத்தைக் காட்டித் திருத்த அவகாசம் தரவேண்டும். கேட்டெழுதியதாயின் யாரிடம் கேட்டது என்பதும், பிரதி பார்த்ததாயின் எந்தப் பதிப்பு என்பதும் கட்டுரையிலேயே இருக்கவேண்டும். பிழைதிருத்தத்துக்குக் கடைசிப் பக்கத்தை அல்ல, முதல் பக்கங்களில் ஓர் இடத்தை ஒதுக்கவேண்டும்.

இவ்வளவு மாதங்களாக அவள் ஞாயிறுதோறும் பெரம்பலூரிலிருந்து பேருந்தில் வந்துபோகிறாள். இருபத்துநாலாயிரப்படியையும் ஈட்டையும் எதிரெதிரே வைத்து முதற்பத்து முழுவதும் வாசித்தாயிற்று. அவள் கண்ட வேறுபாடுகளில் சில, அடியேனே இத்தனை வருஷமாகக் கவனியாதவை. பழைய முடிவு ஏன் தவறு என்பதைத் தன் பெயராலேயே சொல்லி, அவள் ஒரு புதுக் கட்டுரை எழுதியிருக்கிறாள். அடியேன் அவளுக்கு வாசிப்பித்தவன் ஆதலால் அதை மதிப்பிடும் அதிகாரம் அடியேனுக்கு இல்லை. இக்கட்டுரையோடு அதையும் அனுப்பியிருக்கிறேன். அடியேனை அறியாத இருவரிடம் கொடுத்து வாசிக்கச் செய்யவேண்டுமாய்ப் ப்ரார்த்திக்கிறேன்.